சிறு சொற்களில் தடக்கி விழும் ஆங்கிலக் கல்வி

எமது பாடசாலைகளில் ஆங்கிலம் கற்று வெளியேறும் மாணவர் ஒருவரிடம் 'எக்ஸ்டிங்குவிஷ்' என்ற சொல்லின் பொருளைக் கேட்டால், தீயை அணைத்தல் என்று அவர் தயக்கமின்றிக் கூறிவிடக்கூடும். 'போஸ்ட்போன்' என்றால் ஒத்திவைத்தல் என்பதையும், 'டொலரேட்' என்றால் சகித்துக்கொள்ளுதல் என்பதையும் அவர் அறிந்திருப்பார். ஆனால், அதே மாணவரிடம் 'புட் அவுட்', 'புட் ஓஃப்', 'புட் அப் வித்' என்பவற்றின் பொருளைக் கேட்டால் பெரும்பாலும் மௌனமே பதிலாகக் கிடைக்கும். இம்மூன்றும் முறையே மேற்குறிப்பிட்ட அதே மூன்று பொருள்களையே தருகின்றன. 'புட்' என்றால் வைத்தல் என்பதை அவர் ஆரம்ப வகுப்பிலேயே கற்றவர். 'அவுட்', 'ஓஃப்', 'அப்' ஆகியனவும் அவருக்குப் புதியவையல்ல. இருந்தும், தெரிந்த இரு சொற்கள் ஒன்றுசேர்ந்தவுடன் தெரியாத ஒரு சொல் பிறந்துவிடுகின்றது. கடினமான சொற்களைக் கற்றவர் இலகுவான சொற்களில் தடக்கி விழும் இந்த விசித்திரமான நிலை, எமது ஆங்கிலக் கல்வியின் முக்கியமான குறைபாடு ஒன்றைச் சுட்டிக்காட்டி நிற்கின்றது.

ஆங்கிலத்தில் 'பிரேசல் வேர்ப்' எனப்படும் இவற்றைத் தமிழில் சொற்றொடர் வினைகள் என்று அழைக்கின்றோம். ஒரு சாதாரண வினைச்சொல்லுடன் ஒன்றோ இரண்டோ சிறு சொற்கள் சேர்ந்து புதியதொரு பொருளைத் தருவதே இவற்றின் இயல்பாகும். அழைத்தல் எனப் பொருள்படும் 'கோல்' என்ற வினையை உதாரணமாகக் கொள்வோம். 'கோல் ஓஃப்' என்றால் இரத்துச் செய்தல். 'கோல் ஃபோர்' என்றால் கோரிக்கை விடுத்தல். 'கோல் அப்' என்றால் தொலைபேசியில் அழைத்தல் அல்லது படைச் சேவைக்கு அழைத்தல். 'கோல் ஓன்' என்றால் ஒருவரை நேரிற் சென்று சந்தித்தல். வினை ஒன்றே. பின்னால் வரும் சிறு சொல் மாறும்போது பொருள் முற்றாக மாறிவிடுகின்றது. வேலைநிறுத்தம் ஒன்றுக்கு அழைப்பு விடுப்பதும் 'கோல்' தான். அதைக் கைவிடுவதும் 'கோல்' தான். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 'ஓஃப்' என்ற ஒரேயொரு சொல்லில் தங்கியுள்ளது.

இது மொழி வல்லுநர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விடயமன்று. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியதுடன், ஆங்கிலத்தை இணைப்பு மொழியாகவும் பிரகடனம் செய்தது. 2009ஆம் ஆண்டு ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. எனினும், தனியார் நிறுவனங்களின் நேர்முகத் தேர்வுகளிலும், வெளிநாட்டு வேலைவாய்ப்புகளிலும், உயர்கல்வி நுழைவுகளிலும் ஆங்கிலம் இன்றும் ஒரு வாயிற்காப்போனாகவே நிற்கின்றது. சிங்கள இளைஞர்கள் ஆங்கிலத்தை 'கடுவ', அதாவது வாள் என்று குறிப்பிடுவதுண்டு. அந்த வாள் தமிழ், முஸ்லிம் இளைஞர்களையும் விட்டுவைக்கவில்லை. பரீட்சையில் சிறந்த பெறுபேற்றைப் பெற்ற ஒருவர் நேர்முகத் தேர்வில் வாய்மூடி நிற்பதற்கு அவரது இலக்கண அறிவின் குறைவு எப்போதும் காரணமல்ல. கேள்வி கேட்பவர் பேசும் ஆங்கிலமும் இவர் புத்தகத்திற் படித்த ஆங்கிலமும் ஒன்றாக இல்லாமையே பல வேளைகளில் காரணமாகின்றது.

இவ்விரு ஆங்கிலங்களும் எவ்வாறு தோன்றின என்பதை அறிந்துகொள்வது பயனுள்ளது. பழைய ஆங்கிலத்தில் இத்தகைய சிறு சொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டே வந்தன. வெற்றிகொள்ளுதல் எனப் பொருள்படும் 'ஓவர்கம்', விளங்கிக்கொள்ளுதல் எனப் பொருள்படும் 'அன்டர்ஸ்டாண்ட்' போன்றவை அவற்றின் எச்சங்களாகும். காலப்போக்கில் அச்சிறு சொற்கள் வினையை விட்டுப் பிரிந்து, அதன் பின்னால் வந்து நின்றுகொண்டன. 'ஓவர்கம்' ஒரு பொருளையும், அதே சொற்கள் இடம்மாறிய 'கம் ஓவர்' ஒருவரிடம் வந்துபோதல் என்ற வேறொரு பொருளையும் தருவது இதனாலேயே. இதற்கிடையில், 1066ஆம் ஆண்டு நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து அரசசபையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழியும், தேவாலயத்திலும் கல்விக்கூடங்களிலும் இலத்தீனும் கோலோச்சின. அவ்வழியே வந்த சொற்கள் அதிகாரத்தின் சொற்களாயின. வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் வழங்கியவை மக்களின் சொற்களாக எஞ்சின. இன்று ஒரே கருத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இருப்பதன் பின்னணி பெரும்பாலும் இதுதான். 'போஸ்ட்போன்' என்ற சொல்லை இலத்தீனிற் பிரித்துப் பார்த்தால் 'பின்னால் வைத்தல்' என்பதே அதன் பொருள். அதாவது, 'புட் ஓஃப்' என்பதற்கு நெருக்கமான ஒரு கருத்தே இலத்தீன் உடையணிந்து வந்திருக்கின்றது.

அந்நியருக்கு இது கடினம் என்பது ஆங்கிலேயருக்கும் தெரியாததல்ல. 1755ஆம் ஆண்டு தமது புகழ்பெற்ற அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், வினையுடன் சிறு சொல் சேர்ந்து பொருள் மாறும் இவ்வழக்கே பிறநாட்டவருக்கு ஆகக் கூடுதலான சிரமத்தைத் தருகின்றது என்று அதன் முன்னுரையிற் குறிப்பிட்டிருந்தார். ஆனால், 'பிரேசல் வேர்ப்' என்ற பெயர் அச்சில் நிலைபெற 1925ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு லோகன் பியர்சால் ஸ்மித் தமது நூலில் அதனைப் பயன்படுத்தியதோடு, ஒக்ஸ்போர்ட் அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லியே அப்பெயரைத் தமக்குப் பரிந்துரைத்ததாகவும் கூறியுள்ளார்.

எமது மண்ணுக்கு ஆங்கிலம் வந்த வழியையும் இங்கு கருத்திற்கொள்ள வேண்டும். 1823இல் ஆரம்பிக்கப்பட்ட வட்டுக்கோட்டை செமினறியாயினும், 1892இல் கொழும்பில் உருவான ஸாஹிறாக் கல்லூரியாயினும், ஆங்கிலம் எமக்குக் கிடைத்தது பாடநூலின் வழியாகவும் அரசாங்கக் கந்தோர்க் கோவைகளின் வழியாகவுமே. சந்தையிலோ அடுக்களையிலோ நாம் அதனைக் கேட்டு வளரவில்லை. ஆகவே, எழுத்து ஆங்கிலம் எமக்கு நெருக்கமாகவும் பேச்சு ஆங்கிலம் தூரமாகவும் அமைந்துவிட்டன. தாய்மொழியாக ஆங்கிலத்தைக் கொண்ட குழந்தை முதலிற் கற்பதை நாம் கடைசியிற் கற்க முயல்கின்றோம்.

அன்றாட வாழ்வில் இதன் விளைவு எத்தகையது என்பதைச் சில சந்தர்ப்பங்களைக் கொண்டு நோக்கலாம். தொலைபேசியில் 'ஹோல்ட் ஓன்' என்று மறுமுனையிலுள்ளவர் சொன்னால் காத்திருக்குமாறு கேட்கின்றார் என்று பொருள். 'புட் த்ரூ' என்றால் உரியவருடன் இணைப்பை ஏற்படுத்துதல். 'ஹேங் ஓன்' என்பதும் காத்திருத்தலே. ஆனால் 'ஹேங் அப்' என்றால் இணைப்பைத் துண்டித்தல். வேலைத்தலத்தில் 'டேக் ஓவர்' என்றால் பொறுப்பேற்றல். 'ஹேண்ட் ஓவர்' என்றால் பொறுப்பை ஒப்படைத்தல். 'லே ஓஃப்' என்ற சொல்லை விளங்கிக்கொள்ளாத தொழிலாளி, தமது வேலை பறிபோகும் செய்தியைக் கேட்டும் அறியாதவராவார்.

மருத்துவமனையில் இது இன்னும் பாரதூரமானது. சீனியை 'கட் டவுன்' செய்யுமாறு வைத்தியர் கூறினால் அதன் அளவைக் குறைக்க வேண்டும் என்று பொருள். 'கட் அவுட்' செய்யுமாறு கூறினால் அதனை முற்றாக நிறுத்திவிட வேண்டும். 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுதல். 'கம் ரவுண்ட்' என்றால் மயக்கம் தெளிதல். 'வெயார் ஓஃப்' என்றால் மருந்தின் வீரியம் மெல்லக் குறைந்து போதல். 'த்ரோ அப்' என்றால் வாந்தியெடுத்தல். பிரித்தானியாவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பிள்ளைகளோடு வாழும் எமது முதியவர்களிடம் அங்குள்ள தாதியரும் வைத்தியரும் இத்தகைய சொற்களையே பேசுகின்றனர். நோயாளிக்கு இலகுவாக இருக்க வேண்டும் என்று கருதியே அவர்கள் இவற்றைத் தெரிவு செய்கின்றனர். ஆனால், அந்த இலகு எமது முதியவர்களுக்குச் சுமையாகி விடுகின்றது.

இதிலிருந்து, சொற்றொடர் வினைகள் வெறும் பேச்சு வழக்கு என்றும், உத்தியோகபூர்வமான எழுத்தில் அவற்றுக்கு இடமில்லை என்றும் சிலர் முடிவு செய்கின்றனர். சில ஆசிரியர்களும் அவ்வாறே கற்பிக்கின்றனர். இது பாதி உண்மை மட்டுமே. 1999இல் வெளிவந்த லோங்மன் இலக்கண நூல், பெருந்தொகையான ஆங்கில எழுத்துகளையும் உரையாடல்களையும் ஆராய்ந்து, இவ்வினைகள் உரையாடலிலும் புனைகதையிலும் அதிகமாகவும் ஆய்வெழுத்திற் குறைவாகவும் வருவதைக் காட்டியது. குறைவு என்பது இன்மையன்று. நிறைவேற்றுதல் எனப் பொருள்படும் 'கெரி அவுட்', நிறுவுதல் எனப் பொருள்படும் 'செட் அப்', சுட்டிக்காட்டுதல் எனப் பொருள்படும் 'பொயின்ட் அவுட்' ஆகியவை ஆய்வுக் கட்டுரைகளிற் சர்வசாதாரணமாக வருபவை. அலுவலகக் கடிதத்தின் முடிவில் பதிலை எதிர்பார்ப்பதாகத் தெரிவிக்கும் 'லுக் ஃபோர்வர்ட் டூ' என்பதைவிட மரியாதையான தொடர் ஒன்றைக் காண்பது அரிது.

சட்டத்துறையிலும் இராஜதந்திரத்திலும் இவை கலைச்சொற்களாகவே நிலைபெற்றுள்ளன. மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று கீழ்நீதிமன்றத்தின் தீர்ப்பை 'செட் அசைட்' செய்தது என்றால், அதனைத் தள்ளுபடி செய்து வலுவற்றதாக்கியது என்று பொருள். ஆனால், வீட்டுச் செலவுக்குப் பணத்தை 'செட் அசைட்' செய்தேன் என்று ஒருவர் கூறினால், அதனைப் பிறிதாக எடுத்துப் பாதுகாத்து வைத்தேன் என்று பொருள். ஒன்று அழித்தல், மற்றையது காத்தல். இரண்டுக்கும் சொல் ஒன்றே.

ஜெனீவாவில் 2012ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவை இலங்கை தொடர்பில் நிறைவேற்றிய தீர்மானம், நல்லிணக்க ஆணைக்குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்துமாறு அரசாங்கத்தை 'கோல் அப்போன்' என்ற வினையைக் கொண்டே கேட்டுக்கொண்டது. இது ஒருவரை வருமாறு அழைப்பதுமல்ல, கட்டளையிடுவதுமல்ல. முறைப்படி வலியுறுத்திக் கேட்டல் என்பதே அதன் கருத்து. இத்தகைய ஆவணங்களில் ஊக்குவித்தல், வலியுறுத்தல், கோருதல் என்று ஒவ்வொரு வினைக்கும் வெவ்வேறு அழுத்தம் உண்டு. அந்த அளவுகோலை அறியாமல் மொழிபெயர்த்தால், பாதிக்கப்பட்ட மக்கள் நடக்காத ஒன்றை எதிர்பார்க்கவோ, நடந்த ஒன்றின் பெறுமதியை உணராமல் விடவோ நேரிடலாம். தூதுவர் ஒருவர் அமைச்சரை 'கோல் ஓன்' செய்தார் என்ற செய்தியை, அவர் தொலைபேசியில் அழைத்தார் என்று பெயர்த்துவிடும் அபாயமும் இவ்வாறானதே. அது மரியாதை நிமித்தமான நேரடிச் சந்திப்பைக் குறிப்பதாகும்.

அதேவேளை, எழுத்து ஆங்கிலமே பேச்சை நோக்கி நகர்ந்து வருவதையும் அவதானிக்க முடிகின்றது. 1979இல் பிரித்தானியாவில் எளிய ஆங்கிலத்துக்கான இயக்கம் ஆரம்பிக்கப்பட்டது. அரச படிவங்களும் வங்கிக் கடிதங்களும் சாதாரண மக்களுக்கு விளங்கும் மொழியில் அமைய வேண்டும் என்பது அதன் கோரிக்கையாகும். அறிந்துகொள்ளுதல் என்பதற்கு 'எஸ்ஸர்டெய்ன்' என்று எழுதுவதைவிட 'ஃபைன்ட் அவுட்' என்று எழுதுவதே மேல் என்று இந்நோக்கினர் கருதுகின்றனர். பாரமான சொற்களே மரியாதையானவை என்ற எமது பழைய எண்ணம் இன்று அவ்வளவாகப் பொருந்துவதில்லை.

எனவே, சரியா பிழையா என்று கேட்பதைவிட, எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று கேட்பதே பொருத்தமானது. தமிழ் பேசும் எமக்கு இது புதிய பாடமல்ல. வீட்டில் ஒரு தமிழையும் மேடையில் ஒரு தமிழையும் பயன்படுத்துபவர்கள் நாம். நண்பனிடம் பேசும் நடையில் விண்ணப்பம் எழுதுவதில்லை. விண்ணப்ப நடையில் நண்பனிடம் பேசுவதுமில்லை. அந்த உணர்வை ஆங்கிலத்துக்கும் கொண்டுசெல்ல வேண்டியதே தேவையாகும். விசாரணை அறிக்கை ஒன்றில் 'இன்வெஸ்டிகேட்' என்று எழுதுபவர், அதே விடயத்தைப் பொதுமக்களிடம் விளக்கும்போது 'லுக் இன்டூ' என்று சொன்னால் அது தரக்குறைவல்ல. மாறாக, விண்ணப்பத்தை 'ஹேண்ட் இன்' செய்தேன் என்று சக மாணவனிடம் கூறும் ஒருவர், நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் 'சப்மிட்' என்ற சொல்லைத் தெரிவு செய்வது நன்று.

சொற்றொடர் வினையின் அமைப்பும் எமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. ஒருவர் யோசனையை முன்வைக்கின்றார். மற்றவர் உடன்பாட்டிலிருந்து பின்வாங்குகின்றார். மூன்றாமவர் போராட்டத்தைக் கைவிடுகின்றார். பின்வாங்குவதில் எவரும் எதனையும் விலைக்கு வாங்குவதில்லை. முன்வைத்தல், மேற்கொள்ளுதல், ஒத்திவைத்தல், விட்டுக்கொடுத்தல் ஆகியவற்றின் பொருளையும் அவற்றின் உறுப்புகளைத் தனித்தனியே பார்த்து முழுமையாகக் கண்டுகொள்ள முடியாது. அரபுக் கல்லூரிகளிற் பயின்ற முஸ்லிம் மாணவர்களுக்கு இன்னுமொரு சான்று உண்டு. 'ரகிப' என்ற அரபு வினை 'பீ' என்ற இடைச்சொல்லுடன் வந்தால் விரும்பினான் என்று பொருள்படும். அதே வினை 'அன்' என்பதோடு வந்தால் வெறுத்து விலகினான் என்று பொருள்படும். ஒரு சிறு சொல் விருப்பை வெறுப்பாக்கிவிடுகின்றது. ஆங்கிலத்தின் 'கோல் ஃபோர்', 'கோல் ஓஃப்' ஆகியவற்றை இதனுடன் ஒப்பிட்டு விளக்கினால் மாணவன் கணப்பொழுதிற் புரிந்துகொள்வான்.

வேறுபாடு என்னவெனில், தமிழில் முன், பின், மேல் போன்றவை வினைக்கு முன்னால் வருகின்றன. ஆங்கிலத்தில் அவை பின்னால் வருகின்றன. இத்தகைய அமைப்பைத் தாய்மொழியிற் காணாதவர்கள் ஆங்கிலத்தில் அதனைத் தவிர்த்துக்கொள்ள முற்படுவர் என்பதை, ஹீப்ரு மொழி பேசும் மாணவர்களிடையே நடத்தப்பட்டு 1985இல் வெளியான டாகட், லாவ்பர் ஆகியோரின் ஆய்வு எடுத்துக்காட்டியது. அவர்கள் சொற்றொடர் வினைக்குப் பதிலாகத் தனிச்சொல் வினையையே தேடிச் சென்றனர். எமது மாணவர்களிடமும் இந்தத் தவிர்ப்பைக் காணலாம். தவிர்ப்பவன் பிழைவிடுவதில்லை, ஆகவே ஆசிரியரின் கண்ணில் அக்குறை படுவதுமில்லை.

பயன்படுத்த முற்படுவோர் இரண்டொரு விதிகளை மனதிற் கொண்டால் பல பிழைகளைத் தவிர்க்கலாம். சில சொற்றொடர் வினைகளைப் பிரிக்கலாம். சிலவற்றைப் பிரிக்க முடியாது. கூட்டத்தை ஒத்திவைத்தலைக் குறிக்கும்போது 'மீட்டிங்' என்ற சொல் 'புட் ஓஃப்' என்பதற்குப் பின்னாலும் வரலாம், இரண்டுக்கும் நடுவிலும் வரலாம். ஆனால், 'இட்' போன்ற பிரதிப்பெயர் வந்தால் அது நடுவிலேயே நிற்க வேண்டும். 'புட் இட் ஓஃப்' என்பது சரி. 'புட் ஓஃப் இட்' என்பது பிழை. பராமரித்தல் எனப் பொருள்படும் 'லுக் ஆஃப்டர்' என்பதோ பிரிக்க முடியாதது. எனவே 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்பதே சரியானது.

எமது பிராந்தியத்துக்கே உரிய வழக்குகளிலும் அவதானம் தேவை. பல்கலைக்கழகப் படிப்பை முடித்து வெளியேறியதை 'பாஸ் அவுட்' என்று இங்கு பலர் எழுதுகின்றனர். பொலிஸ், இராணுவப் பயிற்சி முடிந்து வெளியேறுவதற்கு அது ஏற்ற சொல்லே. ஆனால், பட்டதாரி ஒருவர் தமது சுயவிபரக்கோவையில் அவ்வாறு எழுதினால், வெளிநாட்டு முகாமையாளர் அவர் பல்கலைக்கழகத்தில் மயங்கி விழுந்ததாக வாசிக்கக்கூடும். சமாளித்தலைக் குறிக்கும் 'கோப் வித்' என்பதன் நடுவே 'அப்' என்ற சொல்லைத் தேவையின்றி நுழைப்பதும் இங்கு பரவலாகக் காணப்படும் வழக்காகும்.

இவற்றையெல்லாம் எப்படிக் கற்று முடிப்பது என்று மலைக்க வேண்டியதில்லை. 2007இல் கார்ட்னர், டேவிஸ் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வின்படி, வெறும் 20 வினைச்சொற்களும் 8 சிறு சொற்களும் தம்முள் இணைந்து உருவாக்குபவையே, பிரித்தானிய ஆங்கிலத் தொகுப்பு ஒன்றில் வரும் சொற்றொடர் வினைகளிற் பாதிக்கும் மேற்பட்டவையாகும். அதேவேளை, அதிகம் பயன்படும் நூறு சொற்றொடர் வினைகளுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொருள்கள் இருப்பதையும் அவர்கள் கண்டனர். ஆகவே, நீண்ட பட்டியலை மனனம் செய்வதில் பயனில்லை. சிலவற்றை எடுத்து, அவை வரும் சந்தர்ப்பத்தோடு முழு வாக்கியமாகக் கற்பதே பயன் தரும். சிறு சொற்களின் போக்கை உணர்வதும் துணைசெய்யும். உண்டு முடித்தல், பயன்படுத்தித் தீர்த்தல் போன்றவற்றில் 'அப்' முழுமையைக் குறிக்கின்றது. துண்டித்தல், நிறுத்துதல், இரத்துச் செய்தல் போன்றவற்றில் 'ஓஃப்' பிரிவைக் குறிக்கின்றது. செக்கப், மேக்கப், லொக்கப், கட்டவுட் என்று எமது கிராமங்கள் வரை வந்துவிட்ட சொற்களும், 2020இல் எல்லோர் வாயிலும் புகுந்த லொக்டவுனும் இவ்வினைகளின் பிள்ளைகளே என்று சொல்லிக்கொடுத்தால் மாணவனின் அச்சம் பாதி நீங்கிவிடும்.

வெளிநாட்டுக் கல்விக்காக ஐ.ஈ.எல்.ரீ.எஸ். பரீட்சைக்குத் தோற்றும் எமது இளைஞர் யுவதிகள், அங்கு பேச்சிலும் எழுத்திலும் தனித்தனியாகச் சோதிக்கப்படுகின்றனர். பேச்சில் இயல்பான மரபுத்தொடர்கள் வரவேற்கப்படுகின்றன. கட்டுரையில் இடத்துக்கேற்ற நடை எதிர்பார்க்கப்படுகின்றது. அதற்கெனப் பெருந்தொகைப் பணம் செலுத்தித் தனியார் வகுப்புகளுக்குச் செல்லக்கூடியவர்கள் இதனைக் கற்றுக்கொள்கின்றனர். அவ்வசதியற்ற கிராமத்து மாணவனுக்குப் பாடசாலை ஒன்றே கதி. வகுப்பறையில் வாரத்துக்கு ஐந்து சொற்றொடர் வினைகளையாவது, பேச்சுக்கு ஒன்றும் எழுத்துக்கு ஒன்றுமாக இரு வாக்கியங்களோடு கற்பிப்பதற்குப் புதிய கட்டடமோ புதிய நிதியோ தேவையில்லை. ஆசிரியரின் அக்கறை மட்டுமே போதும். பெரிய சொற்களை மனனம் செய்வித்து மாணவனைப் பரீட்சை மண்டபம் வரை கொண்டுசென்று விடுகின்றோம். அதற்கு அப்பால் அவனை வழிநடத்திச் செல்லவிருப்பவை இந்தச் சிறு சொற்களே என்பதை எமது ஆங்கிலக் கல்வி இனியாவது கருத்திற்கொள்ள வேண்டும்.